தொண்ணூறு நிமிஷக் கேசட்

தர்ஷினியின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவளைப் பெற்ற என் அக்கா அஞ்சலை வந்திருந்தாள். அம்மா வந்திருந்தாள். அவர்களோடு உப்பளத்தில் கூடை சுமந்த எஸ்தர் அக்கா, தன் வீட்டு விசேஷம் மாதிரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேஸ்திரி கன்னியப்பன் மட்டும் வரவில்லை, முட்டி வலி.

பத்து வயசு தர்ஷினியும் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளும் குதிரை வண்டிப் பாட்டு ஒன்றுக்கு ஆடினார்கள். பாட்டு முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. அக்கா தட்டவில்லை. மடியில் இருந்த பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள். அம்மா கையை நீட்டி வாங்கிக் குடித்தாள். அப்புறம் எஸ்தர் அக்கா. மூன்று பேரும் குடித்து முடித்த பிறகுதான் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த நான் பாட்டில் கை மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாட்டை டீச்சர் நிஜமாகவே அந்தக் காலத்துப் பாட்டு என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தாராம். அவர் மேல் தப்பில்லை. படமே அப்படித்தான். நான் கல்லூரியில் படித்தபோது வந்த படம், கதை மட்டும் அதற்கும் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நடக்கிற காதல் காமெடி. கதாநாயகன் கதாநாயகிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்குள் இடைவேளை வந்துவிடும். படம் எங்கள் பக்கம் ஒரு வாரம் தாண்டவில்லை, பாட்டுகள் மட்டும் நிலைத்துவிட்டன. ஆர்மோனியம், கிளாரினெட், ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கிராமபோன் முள் உரசுகிற சத்தம் வேறு. முதல் தடவை அதைக் கேட்டபோது கேசட் கெட்டுப்போச்சு என்று எஸ்தர் அக்கா பென்சிலை விட்டுச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

டேப் ரிக்கார்டர் அவருடையது. உப்புக் காற்றுக்குப் பயந்து பாலிதீன் பையில் போட்டு, அளத்துக் கொட்டகைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார். சத்தத்தை மறிக்க மரஞ்செடி எதுவும் அங்கே கிடையாது. பாத்தியிலிருந்து வரப்பு மேட்டுக்கு உப்புக் கூடை சுமக்கிற பன்னிரண்டு பெண்களுக்கும் பாட்டு போய்ச் சேரும். குதிரை வண்டிப் பாட்டுக்குக் குளம்புச் சத்தத்தோடு கால் வைத்தால் கூடையின் கனம் தெரியாது என்பாள் அக்கா.

ஆனால் அந்த டேப் பாட்டுக்காக மட்டும் தொங்கவில்லை. அதுதான் அளத்தின் கடிகாரம்.

முன்பு அரை மணிக்கு ஒருதரம் மேஸ்திரி தன் வாட்சைப் பார்த்துத் தண்ணி குடிக்க விடுவார். அந்த அரை மணி நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிற்று.

"ஏன் மேஸ்திரி, உன் வாட்ச்சும் உப்பு சுமக்குதா? நகரவே மாட்டேங்குது," என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அப்ப நீங்களே ஒரு கணக்கு சொல்லுங்க."

"கேசட்டு ஒரு பக்கம் முடிஞ்சா தண்ணி. அது யாருக்கும் பயப்படாது."

மேஸ்திரி ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "பாட்டு முடியறதுக்கு முன்னாடி எவளாவது கூடைய எறக்கினா, மறுநாள்லேர்ந்து என் வாட்ச்சுதான்."

பக்கத்தின் கடைசிப் பாட்டு குதிரை வண்டிப் பாட்டுதான். அது முடிந்ததும் டேப்பின் பொத்தான் 'டக்'கென்று தானாக மேலே எழும். அந்த டக்குக்குப் பன்னிரண்டு கூடைகளும் இறங்கும்.

2005 கோடையில் டேப் அந்தக் கேசட்டைத் தின்றுவிட்டது. நான் திண்டிவனத்தில் கல்லூரிக் கடைசிப் பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். அதனால் எழுத்து இருக்கிற சாமான் எல்லாம் என் பொறுப்பு. "படிச்சவன் நீ, அதே மாதிரி பாத்து வாங்கியாந்துடு," என்றாள் அக்கா.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரெக்கார்டிங் கடை. பழைய கேசட்டில் அறுபது என்று போட்டிருந்தது. கடைக்காரர் தொண்ணூறு ஒன்றை எடுத்துக் காட்டினார். பாட்டுகளோடு, குரல் இல்லாத வெறும் இசையையும் சேர்த்துப் பதிந்து தருகிறேன் என்றார். ஆசையாக வாங்கினேன். அறுபதைவிடத் தொண்ணூறு பெரிசு என்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன். ஒரு பக்கம் முப்பது நிமிஷம் நாற்பத்தைந்து ஆகிவிடும் என்கிற அளவுக்குப் படித்திருக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது நாலு மாசம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. "இது நின்னுடும்டா," என்று என்னிடம் மட்டும் அடிக்கடி சொல்வாள், நான் ஏதோ கையெழுத்துப் போட்டு உறுதி தருவேன் என்பது போல.

மறுநாள் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எஸ்தர் அக்கா நின்றிருந்தார்.

"கேசட்டு நல்லா இருந்துச்சாக்கா?" என்றேன். இதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.

"என்னடா வாங்கியாந்த? முடியவே இல்லடா அது," என்றார். "பாட்டெல்லாம் முடிஞ்சு வெறும் மியூசிக் வந்துச்சா, சரி இதோ நிக்கப்போவுதுன்னு நடந்தோம். அது பாட்டுக்கு வாசிக்கிது. அஞ்சலைக்குக் கண்ணு சொருகுது. எறக்குடின்னு உங்கம்மா கத்துறாங்க. எறக்கினா வாட்ச்சு வந்துடும்னு இன்னொரு கூடை தூக்கினா. மேட்டுல சாஞ்சிட்டா. சேலையில ரத்தம்."

ஆஸ்பத்திரிக்கு ஓடியது ஞாபகம் இல்லை. வாசலில் மேஸ்திரி இரண்டு இளநீரோடு நின்றது ஞாபகம் இருக்கிறது. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கதான வாட்ச்சு வேணாம்னீங்க," என்றார் அவர், தரையைப் பார்த்து. "அன்னிக்கே கழட்டி வீட்லயே வச்சிட்டேம்மா."

டாக்டரம்மா புதுச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். அக்காவை அங்கே கூட்டிப்போய், எடுத்து, திரும்பி வந்து கொடுத்ததும் அவர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "குழந்தை நல்லா இருக்கு. வெயில்ல தண்ணி இல்லாம சுமந்ததுதான். பத்து நாள் எழுந்திரிக்கக் கூடாது," என்றார். நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டேய், பரீட்சை எப்படிடா எழுதின?"

"நல்லா எழுதினேன்க்கா."

"கணக்குப் பரீட்சையா?"

அந்தத் தொண்ணூறு நிமிஷக் கேசட்டை எஸ்தர் அக்கா மறுபடி போடவில்லை. நானே போய் அறுபது வாங்கி வந்தேன், கடையிலேயே முழுசாக ஓடவிட்டு, டக் சத்தம் வரும்வரை நின்று. மேஸ்திரியும் தன் நிபந்தனையில் ஒன்று சேர்த்தார்: மயக்கம் வந்தால் பாட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது அளத்தில் ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு பாட்டு. ஒருத்தி பாட்டு முடியும்போது இன்னொருத்திக்கு ஆரம்பிக்கிறது. ரெக்கார்டிங் கடை இருந்த இடத்தில் போனுக்குக் கவர் விற்கிறார்கள். அந்த டக் இனி எங்கும் கேட்காது. இந்த மூன்று பெண்களின் தொண்டையில் மட்டும் இருக்கிறது போல.

விழா முடிந்து தர்ஷினி மேக்கப்போடு ஓடி வந்தாள். "எப்படி ஆயா ஆடினேன்?" என்று என் அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவள் கன்னத்துச் சிவப்பைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு இந்தக் கணக்கு மட்டும் மனப்பாடம். கேசட்டு முப்பத்தஞ்சு, ஸ்கேன் முந்நூறு, அக்கா படுத்திருந்த பத்து நாள் கூலி எழுநூறு.

"ஆயிரத்து முப்பத்தஞ்சு ரூபாயோட போச்சுடா," என்றாள்.