கஞ்சி குடித்துப் பாஸான குத்தாலிங்கம் சார்

தலைமையாசிரியர் அறைக்குப் போன் வந்து, குத்தாலிங்கம் சார் இறந்த செய்தி நம்மை எட்டியபோது, ஆசிரியர் அறை மேஜையில் மிக்சர் பொட்டலம் பிரிந்து கிடந்தது. யாருக்கோ பேரன் பிறந்திருந்தான். ஒரு நிமிடம் யாரும் கை வைக்கவில்லை. பிறகு வைத்தோம். தங்கமான மனிதரைச் சர்க்கரை கொண்டுபோய்விட்டது என்று பேசிக்கொண்டோம். சர்க்கரை என்னவோ தானாக நடந்து வந்ததுபோல.

அவர் கணக்கு வாத்தியார். பரீட்சை அறையில் பிட் வைத்திருப்பவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்த மனிதர்தான் தன் ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னாலிருந்தே கஞ்சியும் வெள்ளரிக்காயுமாகக் கிடப்பார். சர்க்கரை இறங்கிக் காட்டும். சீட்டை வாங்கிய கையோடு, “பாஸாயிட்டேன்வே, டவுணுக்கு விடும்” என்பார். ஸ்கூட்டர் என்னுடையது. கடை வாசலில் நின்றபடியே கால் கிலோ அல்வாவைச் சுடச்சுட இலையில் வாங்குவோம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவர் மனைவி ஒருநாள் பள்ளிக்கே வந்தார். வீட்டில் டப்பாக்களைப் பூட்டி வைத்தும் மனிதர் பெருத்துக்கொண்டே போகிறார், நீங்களாவது ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று கும்பிட்டார். எல்லோரும் தலையாட்டினோம். மறுநாளே ஒருவர் பதவி உயர்வுக்கு லட்டு கொண்டுவந்தார். சாருக்கு மட்டும் இரண்டு. வேண்டாம் என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் கூட்டமல்லவா நாம்.

கால்விரலை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பசியே இல்லவே. வயிறு போதும்ங்குது, கை நிக்க மாட்டேங்குது. வெக்கமா இருக்கு. அதான் டாக்டர்ட்ட சொல்லல.”

அவர் சொல்லாததை நான் சொல்லியிருக்கலாம். டாக்டர் வெளியே வராந்தாவில்தான் நின்றார். ஸ்கூட்டர் கதையும் சேர்ந்து வெளிவருமே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அடுத்து முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை.

இரங்கல் கூட்டத்தில் சாரின் நேர்மையைப் பற்றி நான் பேச வேண்டுமாம். பேசுவேன், நீங்களும் கைக்குட்டையை எடுப்பீர்கள். ஆனால் அவரிடமிருந்து எனக்குத் தங்கியது நேர்மை அல்ல. திங்கட்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை. வெள்ளிக்கிழமையிலிருந்து கஞ்சி குடிக்கிறேன்.