திரையில் காட்டிய சக்கரம்

தெப்ராவ் ஊரில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். ஒரு பெண்ணின் காருக்குக் காற்றழுத்த சென்சார்கள் பொருத்தினேன். எது எந்தச் சக்கரத்தில் என்று மிஷினில் பதிய வேண்டும். திரையில் எல்லாம் ஆங்கிலம். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கேட்க வெட்கப்பட்டு, குத்துமதிப்பாக அழுத்திவிட்டேன்.

மறுநாள் அவர் போன் செய்தார். "அண்ணே, யோங் பெங் கிட்ட ஹைவே ஓரமா நிக்கிறேன். முன் இடது டயர்ல காத்து இல்லைன்னு காட்டுது. பார்த்தா நல்லாத்தான் இருக்கு. சென்சார் பொய் சொல்லுதா லா? பிள்ளைங்க இருக்காங்க, கிளம்பவா?"

"கிளம்பாதீங்கம்மா! நான்தான் எது எந்தச் சக்கரம்னு மாத்திப் பதிஞ்சிட்டேன் போல. நாலு டயரையும் பாருங்க."

அவர் காரைச் சுற்றிப் பார்க்கும்போது போனில் லாரிகள் கடக்கும் சத்தம் கேட்டது.

"அலமாக்! பின்னாடி வலது டயர்ல ஆணி, அண்ணே. பாதி இறங்கிடுச்சு."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். "நல்லவேளை, மறைக்காம சொன்னீங்க" என்றார்.

இப்போது புரியாத சொல் வந்தால் முதலாளியைக் கூப்பிடுகிறேன். வெட்கம் மட்டும் போகவில்லை.