பனியன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்த கை

மோகன்ராஜுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே அவர் போட்டிருக்கும் பனியனைப் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். ஓரத்தை விரலால் பிடித்து, துணியின் கனத்தை உருட்டிப் பார்த்து, மடிப்பைத் திருப்பி உள்தையலையும் ஒரு பார்வை பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

கொமரலிங்கத்தில் அண்ணனிடம் வயலை விட்டுவிட்டு, மீசை முளைக்காத வயதில் திருப்பூர் வந்து, டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்தபோது பிடித்துக்கொண்ட வியாதி அது. அப்புறம் டெய்லர் ஆனார், கட்டிங் மாஸ்டர் ஆனார், திருமுருகன்பூண்டிப் பக்கம் சொந்தமாக, டி-ஷர்ட் தைக்கிற ஒரு சின்னப் பனியன் கம்பெனியும் போட்டார். வியாதி மட்டும் போகவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தம்பியை நிறுத்திக் கழுத்துப் பட்டியை இழுத்துப் பார்ப்பார். பழனி மலைப் படியில் முன்னால் ஏறுகிறவர் முதுகைத் தடவி, "இது எந்தக் கம்பெனிங்க?" என்பார். திருப்பூரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஆளும் பனியன்காரராகத்தான் இருப்பார். பதிலுக்கு இவர் சட்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார்.

கம்பெனியிலும் இந்தக் கைக்குத்தான் மரியாதை. புது சாம்பிள் தைத்து வந்தால் ஆளுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் அதற்கு டம்மிப் பொம்மை நிற்கும். இங்கே செக்கிங் செக்‌ஷனில் ரோஸ்மேரி இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அளவெடுத்துச் செய்த மாதிரி மீடியம் சைஸ். "ரோஸ்மேரி கண்ணு, இதைப் போட்டுக் காட்டு" என்பார். அவள் துப்பட்டாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, சுடிதாருக்கு மேலே சாம்பிளைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள். மோகன்ராஜ் தோளை இழுப்பார், கைக்குழியைக் கிள்ளுவார், அடி ஓரத்தைப் பிடித்துச் சரிசெய்வார். காதில் ஃபோன் இருக்கும், வாய் நூல் விலையைப் பேசிக்கொண்டிருக்கும். எதிரே மேஜையில் அவர் மனைவி ஜெயசுதா பீஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

அவரிடம் சரக்கு வாங்குகிற பாவ்லா என்ற இத்தாலிக்கார அம்மாள், போன வருஷம் புருஷன் பெண்டாட்டி இருவரையும் தன் ஊருக்கு அழைத்தாள். மலைச்சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். அறுப்புக் காலத்தில் அங்கே ஒரு விழா நடக்கும். காலையில் கிளம்பித் தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டும். ஒவ்வொரு பண்ணை வாசலிலும் ஒரு பலகாரம், அதற்கேற்ற ஒரு வைன். சாப்பிட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடை. கிளம்பும் இடத்திலேயே ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பையைத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

"இதென்னங்க, தீர்த்தத்துக்குப் போறவங்களாட்ட சொம்பு கட்டி உடறாங்க" என்று ஜெயசுதா சிரித்தாள். புரட்டாசி பிறந்துவிட்டதால் கறி ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக நடந்தார்கள். வைன், திராட்சைச் சாறுதானே என்று மோகன்ராஜ் முதல் தோட்டத்தில் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "புளிச்ச மோராட்டம் இருக்குது" என்று அதோடு விட்டுவிட்டார். நம்மூரில் பந்தல் போட்டுத் திராட்சையைத் தலைக்கு மேலே தொங்கவிடுவார்கள். இங்கே கம்பி கட்டி வேலி மாதிரி வளர்த்திருந்ததைத்தான் நின்று நின்று பார்த்தார்.

அதைவிட அவரை மிதக்க வைத்தது வேறொன்று. விழாவில் பரிமாறுகிறவர்கள் அத்தனை பேரும் போட்டிருந்த மெரூன் பனியன் அவர் கம்பெனியில் தைத்தது. பாவ்லா போகிற இடமெல்லாம் அவர் தோளைத் தட்டி, இவர்தான் தைத்தவர் என்று அறிமுகம் செய்தாள். ஆட்கள் கைதட்டினார்கள். மோகன்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது தோட்டத்தில்தான் அது நடந்தது. பெரிய பாத்திரத்திலிருந்து சோளக்களி மாதிரி ஒன்றை ஒரு அம்மாள் கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மோகன்ராஜ் வரிசையில் அவளுக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார். கண் போய் அந்தப் பனியனில் குத்திட்டது. விலாவில் நேராக இறங்க வேண்டிய தையல், துவைத்த துவைப்பில் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்திருந்தது. தன் சரக்கு, இத்தனை பேர் நடுவில்! எந்த லாட்டுத் துணி என்று பார்க்க வேண்டும். விலாத் தையலின் உள்ளேதான் லேபிள் இருக்கும். யோசிக்கவே இல்லை. கை போய் ஓரத்தைப் பிடித்தது, இழுத்து நேராக்கியது, மேலே திருப்பியது.

அந்த அம்மாளின் இடுப்பு வெயிலில் தெரிந்தது.

அவள் கத்தினாள். கரண்டி கீழே விழுந்தது. அவர் கையைப் பளீரென்று ஒரு அடி அடித்துவிட்டு, பனியனை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வரிசை முழுவதும் திரும்பியது. பாவ்லா ஓடிவந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். மோகன்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் ஒரு மேஜை நிறைய வைன் பாட்டில்கள் இருந்தன.

"வைன்... டூ மச்... சாரி, மேடம்" என்றார்.

மானம் கப்பலேறும் என்பார்கள். மோகன்ராஜின் மானம் விமானமேறிப் போய் இத்தாலியில் இறங்கியது. பாவ்லா அந்த அம்மாளை அணைத்துக்கொண்டு என்னென்னவோ சமாதானம் சொன்னாள். பிறகு இவர்களைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, முன்னால் போன கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அவர் தோளை அவள் தட்டவில்லை.

வழி ஒன்றே ஒன்றுதான். பாதியில் பிரிந்து போக முடியாது. எல்லாத் தோட்டத்தையும் சுற்றித்தான் வெளியேற வேண்டும். வாசலுக்கு வாசல் அவர் தைத்த மெரூன் பனியன்கள் நின்றுகொண்டு, வா வா என்று தட்டை நீட்டின. மோகன்ராஜ் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, கூனிக்குறுகி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்தார். கழுத்தில் கோப்பை ஆடிக்கொண்டிருந்தது. செத்துவிடலாம் போலிருந்தது.

கொடி வரிசைகளுக்கு நடுவே ஆளில்லாத இடத்தில் ஜெயசுதா வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, குடிச்சிருந்தேன்னு எதுக்குச் சொன்னீங்க? ஒரு வாய்கூட முழுசாக் குடிக்கலீங்களே."

"பின்ன என்ன சொல்றது சுதா? தையல் முறுக்கிட்டு இருந்துச்சு, லேபிளைப் பாத்தேன்னா ஆரு நம்புவாங்க? சத்தியமா நான் துணியைத்தான் பாத்தேன்."

"எனக்குத் தெரியாதுங்களா." குறுக்கே நீண்ட கொடியை ஒதுக்கிவிட்டு நடந்தாள். "அந்தம்மா மொகத்தைப் பாத்தீங்களா? கத்தறதுக்கு முன்னால ஒரு மொகம் வெச்சா பாருங்க. அதை நான் நம்ம கம்பெனில பாத்திருக்கறனுங்க."

"ஆரு?"

"ரோஸ்மேரி."

மோகன்ராஜுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அவ எனக்குப் புள்ளையாட்ட. கண்ணுன்னுதானே கூப்படறேன்!"

"கண்ணுன்னு கூப்புட்டாச் சரியாப் போச்சுங்களா? கத்துனா இந்தம்மாளுக்கு ஒண்ணும் போகாது, கத்திப்போட்டா. ரோஸ்மேரி கத்துனா வேலை போயிரும்." ஜெயசுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்களை மட்டும் சொல்லலீங்க. நானுந்தான் எதுத்தாப்பல உக்காந்து பாத்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னனா?"

மோகன்ராஜுக்கு என்றோ நடந்த ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. சாம்பிளைப் போட்டுக்கொண்டு ரோஸ்மேரி ஜன்னலையே பார்த்தபடி நிற்க, "அங்க என்ன கண்ணு பாக்கற?" என்று ஒருமுறை கேட்டிருந்தார். "ஒண்ணுமில்லண்ணே" என்றிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கம்பெனியின் மொட்டைச் சுவர் மட்டும்தான் இருந்தது. அந்தச் சுவரை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள்! இத்தாலிக்காரி அடித்த இடம் அப்போதுதான் அவருக்கு எரிந்தது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு டம்மிக்குச் சொன்னார். அது வந்து பிளாஸ்டிக் உறையோடு ஆபீஸ் அறையில் நின்றது. மறுநாள் காலையில் அவிநாசி ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 'தப்பு எம்மேலதான் கண்ணு. மனசுல வெச்சுக்காத.' இரண்டே வாக்கியம். பேங்க் மேனேஜரிடம் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு இது வாயில் நிற்க மாட்டேன் என்றது.

இத்தாலியிலிருந்து கிளம்பும் நாளில் பாவ்லா, சிரிக்காமல், தையல் குறையைச் சுட்டிக்காட்டி, முறுக்கிப்போன மெரூன் பனியன் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அதைக் கட்டிங் மாஸ்டரிடம் காட்டக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தவர், வழியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றார். சொல்லிவிட வேண்டும். இப்போது விட்டால் என்றைக்கும் வராது.

"ரோஸ்மேரி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள், கையிலிருந்த பனியனைப் பார்த்தாள். நூல் வெட்டுகிற கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்து, துப்பட்டாவை எடுத்து மடித்து மேஜையில் வைத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டாள்.

மோகன்ராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு வாக்கியமும் எங்கேயோ போய்விட்டன.

"வேண்டாம் கண்ணு. கையை எறக்கு. இனிமே இதுக்கு நீ நிக்க வேண்டாம், டம்மி வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

ரோஸ்மேரி கையை இறக்கினாள். முகம் வெளுத்துவிட்டது. மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருந்த பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, நான் எதும் சரியா நிக்கலியா?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.