கார்வேட்டிநகரத்தில் ஓட விசாரணை

காலை எட்டரைக்குப் புத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கே இறங்குகிறவர்களில் பாதிப் பேர் எலும்பு முறிந்து கட்டுப் போட வருகிறவர்கள். நான் பெண் பார்க்க வந்தவன். பாய்மரப் படகில் இரண்டு முறை இந்தியப் பெருங்கடலைத் தாண்டியவன் என்பதால் ஏற்கெனவே மூன்று வீட்டார், "கடல்ல போறவனா?" என்று ஒதுங்கிவிட்டார்கள். இந்தப் பெண் ஜெயந்தியையோ, போட்டோவில் பார்த்த நாளிலிருந்து எனக்கு விட மனமில்லை.

புரோக்கர் முனிரத்தினம் தெலுங்குக்காரர். பஸ் ஸ்டாண்டில் இட்லி வாங்கிக் கொடுத்துப் பாடமும் நடத்தினார்.

"எங்க பாஷைல கப்பலுக்கு 'ஓட' சார். பொண்ணோட நைனாகிட்ட போன்லயே சொல்லிட்டேன், 'அப்பாயி ஓடலோ போயினாடு'ன்னு. பையன் கப்பல்ல போனவன்னு அர்த்தம்."

கார்வேட்டிநகரம் பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். மாந்தோப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து போன பஸ்ஸில் முனிரத்தினம் என் பெருமையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் அவிழ்த்துவிட்டார். பனைமர உயரத்துக்கு அலை, பஸ் அளவுக்குத் திமிங்கலம், முறிந்த பாய்மரத்தை நான் பல்லால் கயிறு கடித்து நிறுத்தியது. எல்லாம் அவர் சினிமாவில் பார்த்தவை. அந்த வீரன் அப்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இட்லியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"கடல்லயும் எனக்கு இதே கதிதான். மூணு நாள் வாந்தி. அப்புறம் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை," என்றேன்.

"அத அங்க சொல்லாதீங்க சார். திமிங்கலத்தோட நிறுத்திக்குங்க."

பெண்ணின் அப்பா தாமோதரன் மாந்தோப்புக்காரர், தமிழர், தெலுங்கு அரைகுறை. முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். பலகாரத் தட்டு அவர் பக்கத்திலேயே இருந்தது. என் பக்கம் நகரவில்லை.

"தம்பி, ஓடிப் போனது எத்தினி தபா?"

ஓட என்றால் கப்பல். பாடம் நினைவிருந்தது.

"ரெண்டு தபாங்க."

"தனியாவா?"

"நாலு பேருங்க. ஒரு அம்மாதான் எங்கள இட்டுக்கினு போனாங்க." எங்கள் கேப்டன் ஒரு பெண்மணி.

"ஊட்ல தெரியுமா?"

"எங்கம்மாதான் பொட்டி கட்டிக் குடுத்தாங்க."

அவர் முனிரத்தினத்தை முறைத்தார். புரோக்கரோ பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா ஓடுவியா?"

"கூப்ட்டா போவேங்க."

உள்ளேயிருந்து பெரும் சிரிப்பு. ஜெயந்தி காபியோடு வந்தாள். திருப்பதியில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் தெலுங்கு பேசிப் பழகியவள்.

"நைனா, அவரு ஓடிப் போகல. ஓடல போயிருக்காரு. ஓடன்னா கப்பல்."

இப்படித்தான் நான் ஊரைவிட்டு ஓடியவன் ஆகியிருந்தேன். தெரிந்த பிறகும் தாமோதரனின் முகம் தெளியவில்லை, இன்னும் வாடியது.

"கப்பலா? ஓடிப் போனவன்னா என்னிக்காச்சும் திரும்பி வந்துருவான். கடல்ல போறவன நம்பி எப்டி பொண்ணு குடுக்கறது? அலை, புயலு எல்லாம் இருக்குமே?"

முனிரத்தினம் சட்டென்று கட்சி மாறினார். "அய்ய, அலையே கெடையாது. சமுத்திரம் குளம் மாதிரி. சொல்லுங்க சார்."

சொல்லியிருக்கலாம். ஜெயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு தடவ படகு கவுந்துரும்னு ஆயிடுச்சுங்க. பயத்துல அழுதுட்டேன்."

"அப்புறமும் ஏன் போவேன்றீங்க?" என்று அவள்தான் கேட்டாள்.

"தெரியலைங்க. கரைக்கு வந்த மறுநாளே கடல் ஞாபகம் வந்துருச்சு."

காபியை என் கையில் கொடுத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "அடுத்த தபா நானும் போறேன் நைனா."

தாமோதரன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாலி கட்டிக்கினு எங்கனா போங்க," என்று தட்டை என் பக்கம் தள்ளினார். "துன்னு தம்பி."

மாலை ரயிலில் எங்கள் ஊர் திருவொற்றியூரை நினைத்துக்கொண்டே வந்தேன். அங்கே வாசலைத் திறந்தால் கடல். எங்கள் தெருவே கடலைப் பார்த்து வளர்ந்தது. கூட வருகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொன்னவள் இதுவரை மெரினாவில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லையாம்.