பூட்டிய அறையின் மூச்சு

லிஜாவுக்கு ஹோம் நர்ஸ் வேலை. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலுமாக எத்தனையோ வீடுகளில் தங்கி நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள். கணவன் விட்டுப்போன பிறகு மகளைத் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டு இந்த வேலையே கதி என்று இருந்தவள். ஒரு வீட்டில் நோயாளி இறந்துவிட்டால், மறுநாளே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சபிதா டீச்சர் வீட்டிலிருந்து மட்டும் அவளால் அப்படிப் போக முடியவில்லை.

குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. சபிதா கணக்கு டீச்சர். நாற்பது வயது தாண்டியதும் நுரையீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இல்லை. புருஷன் முருகதாஸுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்கும்போது வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் சபிதாவும் லிஜாவும், ஆக்சிஜன் கொடுக்கும் ஒரு மெஷினும்தான். தொடை உயரம், அடியில் சக்கரம். புஸ்ஸென்று காற்றை இழுக்கும், கொஞ்சம் நிற்கும், தக்கென்று விடும். அதற்குப் பக்கத்தில்தான் லிஜா இரண்டு வருஷமாகப் பாய் விரித்துப் படுத்தாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில், மெஷின் கொடுத்த மூச்சு சபிதாவுக்குப் போதவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. லிஜா மெஷின் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிலிண்டர் குழாயை மூக்கில் மாட்டிக் கூடவே ஏறினாள். நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, பிடித்திருந்த கை கனத்துப்போனது. உடலை நேராகத் தோவாளையில் முருகதாஸின் குடும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் முன், முருகதாஸ் தனியாகக் குலசேகரம் வீட்டுக்கு வந்தான். லிஜாவைக் கூப்பிட்டு வாசலில் வைத்தே சாவியைக் கொடுத்தான்.

"ஆள் இல்லாத வீடு. வாரத்துல ஒருக்கா வந்து ஹாலையும் முற்றத்தையும் தூத்தா போதும். அவளுக்க ரூமை நான் பூட்டியாச்சு. அத நீ நோக்காண்டாம்."

"சரி அண்ணா."

முதல் தடவை பெருக்கப் போனபோதே ஹாலில் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. புஸ்ஸ். தக். பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து, அடங்கிய மாதிரி.

அவள் அதை நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சபிதா போனதிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கு எங்கேயும் கேட்டது. தங்கச்சி வீட்டு அடுக்களையில் கேட்டது. பஸ்ஸில் கண்ணை மூடினால் கேட்டது. பெருக்கி முடித்து, கதவைப் பூட்டி, முற்றத்துக்கு வந்த பிறகும் காதில் இருந்தது. எது வீட்டுக்குள் இருப்பது, எது தலைக்குள் இருப்பது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் அங்கே போகும்போதெல்லாம் போனில் வேளாங்கண்ணிப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுத் தாணம்மாள் ஒரு நாள் வேலிப்பக்கம் வந்து நின்றாள். "ஏட்டி லிஜா, அந்த வீடு கரையுது" என்றாள். கரைவது என்றால் அந்தப் பக்கத்தில் அழுவது. "கறண்டு போனா உடனே கேக்கும். நீட்டி ஒரு அழுகை. கறண்டு வந்தா நிக்கும். டீச்சரு இன்னும் போகல்லை."

அன்றைக்கு லிஜா பெருக்காமலே திரும்பிவிட்டாள்.

பிறகு ரீடிங் எடுக்கும் ஆள் வந்தார். மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். "வீட்டுல ஆள் தங்குதாவளா?" என்று கேட்டார்.

"ஆரும் இல்ல சார். பூட்டிக் கெடக்கு."

"டீச்சரு இருக்கும்போ எவ்வளவு ஓடிச்சோ, இப்பவும் ஏகதேசம் அவ்வளவு ஓடியிருக்கு."

லிஜா முருகதாஸைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"கறண்டு பில்லை நான் கெட்டிக்கிடுதேன். நீ விட்டிரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

அவளால் விட முடியவில்லை. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா, இல்லை வீட்டில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். எலக்ட்ரீசியன் ஸ்டெனியை அழைத்துக்கொண்டு நல்ல உச்சி வெயிலில் போனாள். ஸ்டெனி பிரிட்ஜைப் பார்த்தான், பிளக் கழற்றிக் கிடந்தது. கிணற்று மோட்டார் ஓடவில்லை. லைட்டு, ஃபேன் எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனால் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க மீட்டரைப் பாத்துட்டு நில்லுங்க. நான் சுவிட்சு ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணுதேன். லைட்டு எப்போ நிக்குதுன்னு சொல்லுங்க."

ஹால் சுவிட்சு விழுந்தது. மின்னியது. அடுக்களை. மின்னியது. அடுத்ததைத் தட்டியதும் விளக்கு நின்றது. "நின்னாச்சு" என்று சொல்ல லிஜா வாயைத் திறந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு அழுகை எழுந்தது.

ஸ்டெனி முற்றத்துக்கு ஓடிவந்துவிட்டான். லிஜா மட்டும் உள்ளே ஓடினாள். அவளாக ஓடவில்லை, கால் ஓடியது. இரண்டு வருஷமாகக் கறண்டு போகும்போதெல்லாம் ஓடிய ஓட்டம் அது. கறண்டு நின்றால் மெஷின் இப்படித்தான் கத்தும். கத்தியதும் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். பூட்டிய கதவில் மோதி நின்ற பிறகுதான், மாற்றிவிட உள்ளே ஆள் இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

"பேய் ஒண்ணும் இல்ல ஸ்டெனி" என்று வெளியே பார்த்துச் சொன்னாள். "மெஷினாக்கும். சுவிட்சைப் போடு."

அழுகை நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மறுபடி தொடங்கியது.

ஆம்புலன்ஸ் வந்த அவசரத்தில் யாரும் மெஷினை நிறுத்தவில்லை. அது லிஜாவுக்குப் புரிந்தது. பிறகு யாராவது நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு முருகதாஸ் வந்திருக்கிறான், அறைக்குள் போயிருக்கிறான், பூட்டியிருக்கிறான். வீடியோவில் கூப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை. அவனே சொன்னான்.

"நான் ரூமுக்குள்ள கேறும்போ அது ஓடிட்டிருந்து, லிஜா. சுவிட்சுல விரலை வச்சேன். அவ போனப்பம் நான் கூட இல்ல. இத நிறுத்தினா நானே நிறுத்தினது மாதிரி ஆயிரும்னு தோணிச்சு. பூட்டிட்டு வந்துட்டேன்."

"சாவி எங்க அண்ணா?"

"எனக்கிட்ட. பூட்டை உடைச்சிரு."

ஸ்டெனி பூட்டை நெம்பி எடுத்துவிட்டு விலகி நின்றான். அறையில் சூடு அடித்தது. கட்டில் விரிப்பு அன்றைக்குக் கசங்கிய மாதிரியே இருந்தது. தலையணையில் குழாய் கிடந்தது. அதன் இரண்டு முனையிலிருந்தும் காற்று வந்துகொண்டிருந்தது. அது பட்ட இடத்தில் மட்டும் தலையணையில் தூசி இல்லை. லிஜா புறங்கையை அதில் காட்டினாள். மெல்லிய காற்று. இத்தனை நாளும் அது யாருக்கோ மூச்சு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

போனைக் கட்டிலுக்கு நேராகப் பிடித்தாள். முருகதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நிறுத்தட்டா அண்ணா?"

"கொஞ்சம் பொறு" என்றான். கொஞ்சம் கழிந்து, "ம்" என்றான்.

மெஷினிலேயே இருந்த சுவிட்சை அணைத்தாள். கடைசியாக ஒரு தக். அதற்குப் பிறகு வந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். போனில் முருகதாஸ் அழுதுகொண்டிருந்தான். அவள் துண்டிக்கவில்லை.

மெஷினை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அடுத்த வாரம் அவன் கூப்பிட்டான். கடற்கரையில் இஞ்ஞாசி என்ற பழைய கட்டுமரக்காரருக்கு மூச்சு முட்டல் என்று கேள்விப்பட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்த வீட்டிலேயே வேலைக்கும் சேர்ந்தாள்.

லிஜா குழாயை மூக்கில் மாட்டிவிடும்போது அவர் கேட்டார். "இது ஆருக்க மெஷின், மக்கா?"

"ஒரு டீச்சருக்கது."

"அவியளுக்குச் சொகமாச்சா?"

லிஜா குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தாள். "இனி அவியளுக்கு இது வேண்டாம்" என்றாள்.