பொலன்னறுவையில் நான் அடித்த அடி

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன கோடை விடுமுறைக்கு மொன்றியலில் இருந்து இலங்கைக்குப் போனபோது, எட்டு வயது மகள் அபியைப் பொலன்னறுவைக்குக் கூட்டிப்போனேன். பழைய பௌத்த அரசர்களின் தலைநகரம் அது. இடிந்த அரண்மனையின் செங்கல் சுவரோரம் நின்று அபி படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று சீருடை போட்ட ஒரு சிங்கள ஆமிக்காரன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அவளைப் பிடித்து நிலத்தில் தள்ளி, மேலே விழுந்தான். போர்க்காலத்தில் அந்த உடுப்புக்காரரிடம் அடி வாங்கியவன் நான். "விடடா என்ர பிள்ளையை!" என்று பாய்ந்து முகத்தில் குத்தினேன். உதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. திரும்பவும் குத்தினேன். அவன் கை ஓங்கவில்லை. அவளை விடவும் இல்லை.

"அண்ணே, குளவி! படுங்க!" என்றான் தமிழில்.

அப்போதுதான் பார்த்தேன். சுவர்ப் பொந்திலிருந்து இரைந்து வந்த குளவிகள் அவன் முதுகு, கழுத்து, காது எங்கும் மொய்த்துக் கொட்டின. அபிக்குக் கையில் ஒரு கொட்டு மட்டுந்தான்.

ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கிடந்தவரிடம், "தம்பி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதேன்.

"உங்க அடி பரவாயில்ல அண்ணே. குளவிதான் நல்லா அடிச்சது" என்று வீங்கிய வாயால் சிரித்தார்.

மொன்றியல் வீட்டுக்குத் திரும்பிய பிறகு அபி கேட்டாள்: "அப்பா, அந்த மாமாவுக்கு ஏன் அடிச்சனீங்கள்?"

"பயத்தில, அம்மா."

"அவர் உங்களை என்ன செய்தவர்?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை" என்றேன்.

போர்க்காலத்தில் என்னை அடித்தவர்கள் வேறு ஆட்கள். அது எனக்கு விளங்க, இவருடைய உதடு கிழிய வேண்டியிருந்தது.