சர்வரில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்

பம்பு உதிரிபாகம் விற்கும் அந்தக் கம்பெனியில் அவளைப் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த லாரியில் எந்தப் பெட்டி, எந்தப் பெட்டியில் எத்தனை வாஷர் என்று பதினொரு வருஷமாகப் பட்டியல் போடுகிறவள். கணினியில் அந்த ஒரு திரையைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தொட ஆசைப்பட்டதும் இல்லை.

பஸ் ஓட்டுநரான கணவர் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள்.

"மூணு நாள் பாருங்கம்மா. ஒழுங்கா நடந்தா சரி. இல்லைன்னா அந்த சீட்டுக்கு வேற ஆள் போடணும்."

கம்ப்யூட்டர்காரர் மூன்று வழி சொன்னார். வி.பி.என். என்ற பூட்டிய பாதை போட்டு, ஆபீசின் பெரிய கணினியான சர்வரை வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பில் திறக்கலாம். இல்லையென்றால் ஒரு ஆப். ஆனால் ஆபீசில் யாராவது ஒவ்வொரு தடவையும் அனுமதி கொடுக்க வேண்டும். மூன்றாவது, சர்வரின் வாசலை இணையத்துக்கு நேராகவே திறந்துவைப்பது. "அது வேண்டாம், கண்டவனும் நுழைவான்." அவள் மூன்றுக்கும் தலையாட்டினாள். அவரே முதலாவதைப் போட்டுக்கொடுத்தார். ஆபீஸ் அலமாரிக்குள் இருக்கும் சர்வரின் திரை எப்படித் தன் சாப்பாட்டு மேசைக்கு வந்தது என்பது அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

முதல் நாள் பதினோரு மணிக்குத் திரை கறுத்தது. 'வேறொருவர் இணைந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வரி. மறுபடி நுழைந்தாள். பட்டியலில் அவள் அடிக்காத 'ரப்பர் வளையம் 60' நின்றது. அழித்தாள். திரை கறுத்தது. திரும்பி வந்தால் அவளுடைய பேரிங்குகளைக் காணோம்.

"என்னடி, பேய் டைப் அடிக்குதா?" என்றார் கணவர், கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியபடி.

"நீங்க கொஞ்சம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். "லைன் நல்லாத்தான் இருக்கு மேடம்." இரண்டாம் நாளும் நல்லாத்தான் இருந்தது. பதினேழு தடவை வெளியே தள்ளப்பட்டாள்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு லாரி. மூன்றரைக்குப் பட்டியல் பாதிகூட ஆகவில்லை. ஆத்திரத்தில் பட்டியலுக்குள்ளேயே அடித்தாள்: 'யார் இதை அழிக்கிறது?' திரை கறுத்தது. திரும்பி நுழைந்தபோது கீழே பதில் இருந்தது.

'நான் கிடங்கு குண்டூசி. நீ எந்தத் திருட்டுப் பயலா இருந்தாலும் போலீஸுக்குப் போவேன்.'

சட்டைக் காலரில் எப்போதும் ஊசி குத்தியிருக்கும் கிடங்குக்காரர்! போனை எடுத்தாள்.

"அண்ணே, திருட்டுப் பய நான்தான்."

"தங்கச்சியா? ஐயையோ! மூணு நாளா உன்னைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேனா?"

விஷயத்தைக் கேட்ட கம்ப்யூட்டர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கிடங்கிலிருந்து குண்டூசி பல வருஷமாக இப்படித்தான் சர்வருக்குள் நுழைகிறாராம். ஆபீசில் இருந்தவரை அவள் இந்த வழியாக வந்ததில்லை, அதனால் மோதவில்லை. அது தனக்கு முன்னால் இருந்தவர் போட்டது, தனக்குத் தெரியாது என்றார். இரண்டு பேருக்கும் 'ஆபீஸ்' என்ற ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு. ஒரு பேருக்கு ஓர் ஆள்தான் உள்ளே இருக்கலாம். அடுத்தவர் வந்தால் முந்தினவர் வெளியே. ஒரே பேர் போதும் என்றது முதலாளிதான். "நாமெல்லாம் ஒரே குடும்பம், எதுக்குத் தனித்தனியா?" என்று அன்றைக்குச் சொன்னாராம்.

புதுப் பேர் உண்டாக்க நேரமில்லை.

"அண்ணே, நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. என்ன ஏத்துறீங்கன்னு சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

"ரப்பர் வளையம் அறுபது. அதை அழிச்சிடாதே தாயி."

நாலே காலுக்கு லாரி கிளம்பியது. முதலாளிக்குப் போனில் நடந்ததைச் சொன்னாள். அவர், "சரிம்மா, ஆறு வாரமும் வீட்ல இருந்தே பாருங்க. உங்களுக்குத் தனிப் பேர் வச்சுக்கலாம்" என்றார், குடும்பத்தைப் பாகம் பிரித்தவர் போன்ற குரலில்.

மறுநாள் காலை புதுப் பேரில் நுழைந்தாள். யாரும் தள்ளவில்லை. திரையும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பதினொரு வருஷப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. குண்டூசிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எல்லாம் போச்சு!"

"எங்கேயும் போகல. பூரா பழைய 'ஆபீஸ்' பேர்ல, என் திரையில உட்கார்ந்திருக்கு. ஆனா உன் பக்கம் எப்படித் தள்ளுறதுன்னுதான் தெரியல தங்கச்சி."